ஃபில்டரில் ஆயிலா? முதலில் பிரீதரைப் பாருங்கள்

கேள்வி இதுதான். பாய்மரப் படகில் 30 குதிரைத்திறன் அளவில் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் கருத்துப்போய், ஆயில் ஊறிப் பிசுபிசுவென்று இருக்கிறது. பெட்டியின் அடியில் கொஞ்சம் ஆயில் தேங்கியும் நிற்கிறது. முழு வேகத்தில் ஓட்டினால் லேசாகக் கரும்புகை. ஃபில்டரை மாற்றினால் போதுமா? எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸை (எஞ்சினின் உள் வாயுவை வெளியே விடும் குழாய்) கழற்றி, படகின் அடிக்குழியான பில்ஜ் பக்கம் தொங்கவிட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஃபில்டரை மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்த சீசனில் புது ஃபில்டரும் இதே கதிக்கு வரும். ஹோஸைக் கழற்றி பில்ஜில் விடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஹோஸ் முனையை அடைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

லாரியிலோ டிராக்டரிலோ ஏர் ஃபில்டர் வெளியிலிருந்து வரும் புழுதியால்தான் கெடும். கடல் நடுவே அவ்வளவு புழுதி கிடையாது. அதனால்தான் பழைய படகு எஞ்சின்கள் பலவற்றில் ஃபில்டர் என்ற பெயரில் ஒரு கம்பி வலையும் சத்தத்தைக் குறைக்கும் ஒரு தகரப் பெட்டியும் மட்டுமே இருக்கும். படகில் ஃபில்டரைக் கெடுப்பது பெரும்பாலும் எஞ்சினும் அது உட்கார்ந்திருக்கும் அறையும்தான். வி பெல்ட் தேய்ந்து உதிரும் கருப்புத் தூள், சத்தம் தடுக்க ஒட்டிய ஃபோம் பழசாகிக் கொட்டும் துகள், படகுக்குள் மரமோ ஃபைபரோ தேய்த்தபோது கிளம்பிய பொடி, கடல்நீர் பம்ப் சீல் கசிந்து தெறித்த உப்பு. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, எஞ்சின் தன் வயிற்றுக்குள்ளிருந்து பிரீதர் வழியாக ஏப்பம் விடும் ஆயில் ஆவி.

எனவே அழுக்கான ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் உலர்ந்த கருப்புப் பொடி மட்டும் வந்தால் பெல்ட்டைப் பாருங்கள்: தளர்ந்திருக்கலாம், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம், புல்லியின் பள்ளத்தில் துரு ஏறிப் பெல்ட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பு, அருகில் எங்கோ கடல்நீர் கசிகிறது. உங்களுடையது போல ஆயிலில் ஊறியிருந்தால் பிரீதரின் கதையைக் கேட்க வேண்டும்.

பிரீதர் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தின் உச்சத்தில் டீசல் சிலிண்டருக்குள் எரிவதற்கு முன்பே 30 பார் அளவில் அழுத்தம் இருக்கும், எரியும்போது அதற்கும் மேல். பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் வாயு அதைத் தாண்டிக் கீழே எஞ்சினின் அடிவயிறான கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இந்த வாயுவோடு புகைக்கரி, எரியாத டீசல், நீராவி எல்லாம் சேர்ந்தே இறங்கும். இதை வெளியே விடாவிட்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எந்த இடம் பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும். ராக்கர் கவர் கேஸ்கெட்டில் கசியும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி தானாக மேலே எழும்பும், கடைசியில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் போகும். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். பல படகுகளில் எஞ்சினையே இடத்தைவிட்டு நகர்த்த வேண்டியிருக்கும். சில ரூபாய் பெறும் ஹோஸ் ஒன்றை அடைத்ததற்கு அது பெரிய விலை.

ஆக, வாயு வெளியேறியே தீர வேண்டும். பழைய எஞ்சின்களில் ஒரு குழாய் வழியாக எஞ்சின் அறைக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். பிறகு வந்தவற்றில் அந்தக் குழாயை எஞ்சின் காற்றை இழுக்கும் வழியான இன்டேக்கோடு இணைத்து, எஞ்சினே அந்த வாயுவை இழுத்து எரிக்கும்படி செய்தார்கள். யான்மார் ஜிஎம் வரிசை எஞ்சின்களில் ராக்கர் கவரிலிருந்து ஒரு சிறு குழாய் ஏர் சைலன்சர் பெட்டிக்குப் போவதைப் பார்க்கலாம். மற்ற தயாரிப்புகளிலும் இதே யோசனை வேறு வேறு வடிவங்களில் இருக்கும். ராக்கர் கவருக்குள் ஒரு தடுப்புத் தகடோ கம்பி வலையோ வைத்து, ஆயில் துளிகள் அதில் மோதித் திரும்பச் சொட்டும்படி செய்திருப்பார்கள். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் கவரின் மேல் வட்டமாக ஒரு ரப்பர் டயாஃப்ரமும் உண்டு. இன்டேக்கின் இழுவை அளவுக்கு மீறினால் அது பாதையைச் சுருக்கிக் கட்டுப்படுத்தும்.

ஹோஸ் எந்த இடத்தில் சேர்கிறது என்று உங்கள் எஞ்சினில் பார்த்துவையுங்கள். ஃபில்டருக்கு வெளிப்பக்கம், அல்லது ஃபில்டர் இருக்கும் பெட்டிக்குள்ளேயே சேர்ந்தால் ஸ்பாஞ்ச் ஊறும், உங்களுக்கு நடந்தது போல. ஃபில்டரைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டு பக்கம் சேர்ந்தால் ஃபில்டர் பளிச்சென்று இருக்கும், ஆனால் மேனிஃபோல்டுக்குள் ஆயில் தேங்கும். ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாறுபவர்கள் இந்த இரண்டாவது வகை எஞ்சின்காரர்கள்தான். இந்த வகையில் இன்னொரு வம்பும் உண்டு. ஃபில்டர் அடைபட்டால் அதற்குப் பின்னால் இழுவை கூடும். இழுவை கூடினால் பிரீதரிலிருந்து ஆயிலையும் கூடவே அதிகமாக உறிஞ்சும். ஆயில் செலவு ஏறிவிட்டதே, ரிங் போய்விட்டதோ என்று பயப்படுகிறவருக்குச் சில நேரம் தேவைப்படுவது ஒரு சுத்தமான ஃபில்டர் மட்டும்தான்.

சரி, ஆயில் ஏன் இவ்வளவு வருகிறது? ரிங் தேய்ந்துவிட்டது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிப்ஸ்டிக்கை எடுங்கள்.

படகு எஞ்சின்களில் ஆயில் அதிகமாக ஊற்றுவது சர்வ சாதாரணம். குறைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றிவிடுவார்கள். அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஆயிலைத் தொட்டு அடித்து நுரையாகவும் ஆவியாகவும் ஆக்கும், அது அத்தனையும் பிரீதர் வழியாக ஏறும். இதில் படகுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வுக்கு ஏற்ப எஞ்சினும் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் போட்ட கோடு உங்கள் படகின் சாய்வுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆயில் மாற்றும்போது பழையதை முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்றி, ஆயில் ஃபில்டரும் நிறைய எஞ்சினைச் சற்று ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, படகு நேராக மிதக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அது காட்டுவதுதான் உங்கள் படகுக்கு நிஜமான மேல் கோடு. அங்கே ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். நான் எப்போதும் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். பாய் விரித்து ஒருபக்கமாகச் சாய்ந்தபடி எஞ்சினையும் ஓட்டும் பழக்கம் இருந்தால் இது இன்னும் முக்கியம்: 20 டிகிரி சாய்வில் மணிக்கணக்கில் ஓடும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பிரீதர் வாய்க்கு எளிதாக ஏறும். அதற்காக ரொம்பவும் குறைத்துவிடக் கூடாது. சாய்வில் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போகும். கையேட்டில் எத்தனை டிகிரி வரை தொடர்ந்து ஓட்டலாம் என்று போட்டிருப்பார்கள், அதை மதிக்க வேண்டும்.

நீங்கள் ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தால் கதையே வேறு, அங்கேயே நின்றுவிடுங்கள். டீசல் உள்ளே இறங்குகிறது அல்லது நீர் இறங்குகிறது. டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தர எஞ்சினில் பொருத்திய லிஃப்ட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் நேராக கிராங்க்கேஸுக்குள் போகலாம். டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். நடுவில் கருப்பும், அதைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் அகலமாகப் பரவியும் இருந்தால் டீசல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மூக்கும் சொல்லிவிடும். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் நீர். இரண்டில் எதுவானாலும் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம்.

ஆயில் நிரப்பும் மூடியின் அடியிலும் பிரீதர் ஹோஸுக்குள்ளும் மட்டும் வெண்ணெய் போல மஞ்சளாக ஒட்டியிருப்பது வேறு. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் அது எஞ்சின் முழுச் சூடு ஏறாமலே நின்றுவிடுவதால் வருவது. துறைமுகத்திலிருந்து வெளியே வர கால் மணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்துவிட்டுப் பாய் விரிப்பது நம்மில் பலருடைய வழக்கம். எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்த ராக்கர் கவரில் நீராகி ஆயிலோடு கலந்து இப்படிக் களிம்பாகும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று உடனே பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு முறை எஞ்சினுக்கு நல்ல லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டி, துடைத்துவிட்டு, மறுபடி வருகிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தாலும் இதே களிம்பு வரும்.

ஆயில் மட்டம் சரி, டீசலும் கலக்கவில்லை என்றால் அடுத்தது பிரீதர் பாதை. ஹோஸை இரண்டு முனையிலும் கழற்றி எடுங்கள். அதை ஒருமுறை நசுக்கிப் பாருங்கள். ஆயிலில் ஊறிய பழைய ரப்பர் கொழகொழவென்று மென்மையாகி, சூட்டில் தானே ஒட்டிக்கொள்ளும். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே பாதை பாதிதான் இருக்கும். மாற்றும்போது ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ்தான் வேண்டும். கையில் கிடைத்தது என்று தண்ணீர் ஹோஸைப் போடாதீர்கள். சூடு ஏறினால் மடங்கும். ராக்கர் கவரிலிருந்து இன்டேக் வரை ஹோஸ் எங்கேயும் தொட்டில் போலத் தொங்கக் கூடாது. தொங்கும் இடத்தில் நீரும் ஆயிலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், உறைபனி விழும் ஊர்களில் அந்த நீர் பனிக்கட்டியாகிப் பாதையை முழுக்க மூடிவிடும். குளிர்காலத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சீல் பிதுங்கிய கதைகளில் இதுவும் ஒரு காரணம்.

பிறகு ராக்கர் கவரைக் கழற்றி, அதற்குள் இருக்கும் தடுப்பையும் வலையையும் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத வலை கருப்புத் தாராக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். காய்வது முக்கியம். பெட்ரோலோ பிரேக் கிளீனரோ போன்ற ஆவியாகும் திரவத்தின் மிச்சம் உள்ளே இருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் அது இன்டேக்குக்குள் போய் கணக்கில் வராத எரிபொருளாக எரியும். மூடியின் கேஸ்கெட் புதிதாக ஒன்று கையில் இல்லாமல் கவரைக் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். டயாஃப்ரம் உள்ள எஞ்சினாக இருந்தால் அதை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டயாஃப்ரம் மூடியில் வெளிக்காற்று வர ஒரு பொட்டுத் துளை இருக்கும். அதைப் பெயின்ட் அடித்து அடைத்துவிட்ட எஞ்சின்கள் உண்டு.

இதற்கெல்லாம் பிறகும் ஆயில் வந்தால்தான் ரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அதையும் ஊகமாக வைக்காமல் அளந்து பார்க்கலாம். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து வைத்து, மூடி துள்ளுகிறதா, புகை பொங்குகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்யும் சோதனை. நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் புகை வரும் என்பதால் அது மட்டும் வைத்து முடிவு சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யூ போல வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுக் கசியாமல் பொருத்துங்கள், மறு முனை திறந்திருக்கட்டும். டிப்ஸ்டிக் குழாயின் அடி ஆயிலுக்குள் முங்கியிருக்கும் எஞ்சின்களில் இது சரிவராது. அங்கே பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் சூடான பிறகு இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று பாருங்கள், ஐட்லிங்கில் ஒரு முறை, லோடில் ஓடும் வேகத்தில் ஒரு முறை. அழுத்தம் காட்டினால் பிரீதர் ஹோஸை இன்டேக் பக்கம் மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் விழுந்துவிட்டால் அடைப்பு அந்தச் சேருமிடத்தில். விழவில்லை என்றால் ராக்கர் கவரிலிருந்தும் கழற்றிப் பாருங்கள். அப்போது விழுந்தால் ஹோஸ். அப்போதும் விழவில்லை என்றால் ராக்கர் கவர் வலை, அதுவும் சுத்தம் என்றால் ரிங். எந்த எண் நல்லது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு ஆண்டும் எழுதிவைத்தால் போன ஆண்டோடு ஒப்பிடலாம், அந்த ஒப்பீடுதான் உண்மையில் பயன்படும்.

ரிங் சரியாக உட்காராமல் போவதற்குப் பாய்மரப் படகில் பெரிய காரணம் தேய்மானம் அல்ல, சோம்பல் ஓட்டம். நங்கூரம் போட்டு பேட்டரி சார்ஜ் செய்ய மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுவது சிலிண்டர் சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கி, ரிங் பள்ளத்தில் கரி சேர்த்து, ரிங்கைச் சிக்கவைக்கும். அப்படி ஓட்டிய எஞ்சின் என்றால், பிரிப்பதற்கு முன் சில நெடும் ஓட்டங்களில் நல்ல லோடு கொடுத்துப் பார்ப்பது வீண்போகாது. கரி பிடித்த ரிங் சில சமயம் விடுபடும். கண்ணாடியான சுவர் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

இப்போது ஃபில்டரைச் சுத்தம் செய்வது. அது ஸ்பாஞ்சா, மடிப்புக் காகிதமா, பருத்தி வலையா, வெறும் கம்பி வலையா என்று பாருங்கள், நான்குக்கும் நான்கு விதம். கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தால் முடிந்தது. காகிதத்தைக் கழுவக் கூடாது. ஆயில் பட்ட காகிதத்தைத் தட்டியும் ஊதியும் காப்பாற்ற முடியாது, மாற்றுங்கள். பருத்தி வலைக்கு அதற்கென்று விற்கும் கிளீனரும் ஆயிலும் உண்டு, ஆயிலைத் தாராளமாகப் பூசினால் அதுவும் இன்டேக்கில்தான் வந்து சேரும். உங்களுடையது ஸ்பாஞ்ச் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாவியை எடுத்துவிட்டு, பெட்டியைத் திறக்கும் முன் அதன் வெளிப்பக்கத்தையும் கிளிப்புகளைச் சுற்றியும் துடையுங்கள். இல்லாவிட்டால் திறந்ததும் அந்த அழுக்கு உள்ளே விழும். ஸ்பாஞ்சை எடுத்ததும் திறந்திருக்கும் இன்டேக் வாயை நிறமுள்ள பெரிய துணியால் மூடி, அதன் ஒரு நுனி வெளியே நன்றாகத் தெரியும்படி தொங்கவிடுங்கள். சின்னத் துணியை உள்ளே திணித்தால் மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்ய நேரும். ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும் அது எடுக்கப்படும் வரை எஞ்சினைச் சுற்றக் கூடாது.

ஸ்பாஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, கிழியும். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம், அவை ஸ்பாஞ்சைக் கெடுத்துவிடும். தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, துண்டுக்குள் வைத்து ஒற்றி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். கழுவியபின் மேலே லேசாக ஆயில் பூச வேண்டுமா என்பது எஞ்சினுக்கு ஏற்ப மாறும், கையேடு சொன்னால் மட்டும் பூசுங்கள்.

கழுவும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஸ்பாஞ்சின் ஓரத்தை விரலால் கிள்ளிப் பாருங்கள். துண்டு கையோடு வந்தாலோ, மாவு போல உதிர்ந்தாலோ, விரலில் கோந்தாக ஒட்டினாலோ அதன் ஆயுள் முடிந்தது. சூடும் ஈரமும் ஆயில் ஆவியும் சேர்ந்து பாலியூரித்தேன் ஃபோமை உதிரவைக்கும். யான்மார் எஞ்சின்களின் பழைய ஸ்பாஞ்ச் துண்டு துண்டாக எஞ்சினுக்குள் போவது பாய்மரக்காரர்கள் அடிக்கடி பேசும் விஷயம். உதிரும் ஸ்பாஞ்சை வைத்து ஓட்டுவதைவிடச் சில நாள் வலையோடு மட்டும் ஓட்டுவது கூட மேல். பழையது உதிர்ந்திருந்தால் மேனிஃபோல்டு வரை டார்ச் அடித்துப் பார்த்து, தெரியும் துண்டுகளை இடுக்கியால் எடுத்துவிட்ட பிறகே புதியதைப் போடுங்கள். மெத்தைக்கு வைக்கும் ஃபோமை வெட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது காற்றை விடாது, ஆயிலையும் தாங்காது. சரியான உதிரிபாகம் அப்படியொன்றும் பெரிய செலவில்லை.

பெட்டியில் தேங்கிய ஆயிலைத் துடைக்கும்போது மேனிஃபோல்டின் வாயிலும் விரல் விட்டுப் பாருங்கள். மெல்லிய ஈரம் சாதாரணம். தார் போலக் கெட்டியாகப் படிந்து வாயின் விட்டமே குறைந்திருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது. டர்போ இருந்தால் கம்ப்ரஸர் சக்கரத்திலும் இன்டர்கூலரிலும் இதே ஆயில் படலம் உப்போடு சேர்ந்து படியும், எனவே டர்போ எஞ்சின்களில் பிரீதரை இன்னும் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கரும்புகை. ஃபில்டரால்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடக்கும் த்ராட்டில் பொதுவாகக் கிடையாது. ஐட்லிங்கில் தேவைக்கு மேல் எவ்வளவோ காற்று உள்ளே போகிறது. அதனால் ஃபில்டர் பாதி அடைந்திருந்தாலும் ஐட்லிங்கில் எதுவும் தெரியாது, முழு லோடில்தான் மூச்சுத் திணறும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 3000 சுற்றில் நிமிடத்துக்கு 1500 லிட்டர் அளவில், மணிக்கு ஏறக்குறைய 90 கன மீட்டர் காற்றை இழுக்கும். அந்தக் காற்று எங்கிருந்தோ எஞ்சின் அறைக்குள் வர வேண்டும் அல்லவா? சத்தம் குறைய வேண்டும் என்று சந்துபொந்தெல்லாம் ஃபோம் ஒட்டி, காற்றுக் குழாயின் வாயில் சாமான்களை அடுக்கிவிட்டால் ஃபில்டர் புதிதாக இருந்தும் பயனில்லை. அறை சூடேறினாலும் நஷ்டம்: 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் குறையும்.

சோதனை எளிது. விரிந்த கடலில் முழு வேகத்தில் ஓட்டும்போது ஒருவர் டாக்கோமீட்டரைப் பார்க்கட்டும், இன்னொருவர் எஞ்சின் அறைக் கதவைத் திறக்கட்டும். சுற்று ஏறினாலோ புகை குறைந்தாலோ அறைக்குக் காற்று போதவில்லை. மாற்றமில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி ஃபில்டரை எடுத்துவிட்டு, தூசியில்லாத இடத்தில் சில நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். துணி, தலைமுடி, கை எதுவும் இன்டேக் பக்கம் போகக் கூடாது. அதிலும் புகை அப்படியே இருந்தால் ஃபில்டரை விட்டுவிட்டு அடியில் கிளிஞ்சல் ஒட்டிய புரொப்பெல்லரையும், கரி அடைத்த எக்ஸாஸ்ட் மிக்ஸிங் எல்போவையும் (புகையோடு கடல்நீர் கலக்கும் வளைகுழாய்) பாருங்கள். பாய்மரப் படகின் கரும்புகைக்கு இந்த இரண்டும் ஃபில்டரைவிட அதிகம் பொறுப்பாக இருக்கும் என்பது என் கணிப்பு.

ஹோஸை பில்ஜில் விடும் யோசனைக்கு வருகிறேன். எஞ்சினுக்கு அதனால் கேடில்லை, பழைய எஞ்சின்கள் அப்படித்தான் ஓடின. ஆனால் ஆயில் ஆவி ஆல்டர்னேட்டர், பெல்ட், வயரிங், ஃபோம் எல்லாவற்றின் மேலும் படியும், கேபினில் எப்போதும் டீசல் நாற்றம் அடிக்கும், பில்ஜ் பம்ப் அந்த ஆயிலைக் கடலில் தள்ளும். இன்டேக்கில் ஹோஸ் வந்து சேர்ந்த துளையையும் மூடியாக வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள துளையாக இருந்தால் அதன் வழியாக ஃபில்டர் ஆகாத காற்று போகும். இதற்குப் பதில் இடையில் ஓர் ஆயில் பிடிக்கும் பாத்திரம் வைக்கலாம். ஆயிலும் சூடும் தாங்கும் சிறு குப்பி, உள்ளே வரும் குழாய் அடி வரை போக வேண்டாம், வெளியேறும் குழாய் மேலே இருக்கட்டும், நடுவில் தளர்வாகத் திணித்த தடித்த ஸ்டெயின்லெஸ் சுருள். மெல்லிய ஸ்டீல் உல் வேண்டாம். அதன் துகள் இன்டேக்குக்குப் போகும். இரண்டு குழாயின் விட்டமும் பழைய ஹோஸைவிடக் குறையக் கூடாது. அவ்வப்போது காலி செய்ய வேண்டும், மறந்தால் இதுவே அடைப்பாகிவிடும். ரேக்கர் சிசிவி, வாக்கர் ஏர்செப் போன்ற தயார் கருவிகள் இதையே நேர்த்தியாகச் செய்கின்றன. டர்போ எஞ்சினுக்கு அவை தகும். 30 குதிரைத்திறனுக்கு, மேலே சொன்ன காரணங்களைச் சரிசெய்யாமல் அதை வாங்குவது வீண். சரிசெய்த பிறகு பெரும்பாலும் தேவைப்படாது.

ஆயில் இன்டேக்குக்குப் போவதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்றால், டீசல் எஞ்சின் ஆயிலிலும் ஓடும். ஆயில் மட்டம் தாறுமாறாக ஏறி, பிரீதர் வழியாக மொத்தமாகப் பாய்ந்தால் எஞ்சின் தன் சொந்த ஆயிலை எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் நிற்காது, ஏனென்றால் அது நிறுத்துவது டீசலைத்தான். அப்போது காற்றை அடைப்பது ஒன்றே வழி. இன்டேக் வாயை மூடும் அளவில் ஒரு தட்டையான பலகை எஞ்சின் அறைக்கு அருகே எப்போதும் இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் இன்டேக்கில் அடிக்கலாம். பவுடர் தீயணைப்பான் எஞ்சினைப் பாழாக்கிவிடும், வேறு வழியே இல்லாதபோது மட்டும். கையால் மூடப் போகாதீர்கள், அந்த இழுவை கையை விடாது. துணியையும் உள்ளே இழுத்துவிடும். உங்கள் எஞ்சினில் இன்டேக் வாய் எங்கே இருக்கிறது, பலகை அதை எட்டுமா என்பதை எஞ்சின் நிற்கும்போதே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எப்போது செய்வது என்றால், ஆயில் மாற்றும் நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் மட்டும் போகும் படகுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும், நெடும்பயணம் போகிறவர்கள் கையேட்டின் மணிக்கணக்கைப் பின்பற்றலாம். புது ஸ்பாஞ்ச் இரண்டு, ராக்கர் கவர் கேஸ்கெட் ஒன்று, பிரீதர் ஹோஸ் ஒரு மீட்டர், அதற்கான கிளாம்ப் நான்கு, டயாஃப்ரம் உள்ள எஞ்சின் என்றால் அதுவும் ஒன்று படகில் இருக்கட்டும். உங்கள் விஷயத்தில் இப்போது முதல் வேலை டிப்ஸ்டிக். மட்டம் மேல் கோட்டுக்கு மேலே இருந்தால், டீசல் கலக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதிகமானதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஸ்பாஞ்சைக் கழுவிப் போட்டு பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு பெட்டியைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் ராக்கர் கவரைக் கழற்றும் வேலையை அடுத்த ஆயில் மாற்றம் வரை தள்ளிப் போடலாம்.